எழுதுவது மட்டும்தான் மிச்சம்

இந்தியப் பல்கலைக்கழக விடுதிகளில், தில்லியானாலும் ஐதராபாத்தானாலும், ஆய்வு மாணவர் வாயிலிருந்து அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "வேலை எல்லாம் முடிந்துவிட்டது, எழுதுவது மட்டும்தான் மிச்சம்." சொல்பவர் அதை மனமார நம்பிச் சொல்கிறார். நெறியாளரும் நம்புகிறார். ஊரிலிருந்து தொலைபேசியில் விசாரிக்கும் பெற்றோர் நிம்மதி அடைகின்றனர். இரண்டாண்டு கழித்தும் அதே மாணவர் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். அப்போது அவர் சோம்பேறி என்றும், ஆங்கிலம் வராதவர் என்றும், காதல் தோல்வியில் இருப்பவர் என்றும் பலவாறு முடிவு கட்டப்படும். அந்த வாக்கியமே பிழையானதாக இருக்கக்கூடும் என்ற ஐயம் மட்டும் எவருக்கும் எழுவதில்லை.

வேலை முடிந்துவிட்டது என்பதும் எழுதுவது மிச்சம் என்பதும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து நிற்க முடியாத கூற்றுகள். எழுதாத ஆய்வில் முடிந்திருப்பது பொருள் திரட்டல் மட்டுமே. திரட்டிய பொருள் எதைச் சொல்கிறது என்பது இன்னும் எவருக்கும் தெரியாது, மாணவருக்கும் தெரியாது. தெரியும் என்று அவர் உணர்வது உண்மை. அந்த உணர்வு முதல் வரைவின் மூன்றாம் பக்கத்தில் கலையும் என்பதும் உண்மை.

இந்தப் பிழைக்கு அடியில் மொழி பற்றிய பழைய உருவகம் ஒன்று கிடக்கிறது. கருத்து தலைக்குள் முழுமையாக விளைந்துவிடுகிறது, சொற்கள் அதை ஏற்றிச் செல்லும் வண்டி, எழுதுவது என்பது சரக்கை வண்டியில் ஏற்றும் கூலிவேலை என்பது அதன் சாரம். இவ்வுருவகம் ஆங்கிலத்தின் அன்றாடப் பேச்சில் எத்தனை ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதையும், அது மொழியைப் பற்றிய சிந்தனையை எவ்வாறு தவறான வழியில் இழுத்துச் செல்கிறது என்பதையும் மைக்கேல் ரெட்டி 1979இல் விரிவாகக் காட்டினார். மொழியியல் முதுகலையில் அக்கட்டுரை பரவலாகப் படிக்கப்படுவது. காலையில் ரெட்டியைப் பாடம் நடத்திவிட்டு மாலையில் முனைவர் பட்டத் திட்டத்தை அதே குழாய் உருவகத்தின்படி நடத்தும் துறைகளை என்னவென்று சொல்வது?

எடுத்துக்காட்டு ஒன்று தேவை. தமிழ்த் துணைவினைகளை ஆராயும் மாணவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். களப்பணி முடிந்தது, உரையாடல் பதிவுகள் கணினியில் கிடக்கின்றன, இ. அண்ணாமலை முதலியோரின் நூல்களைப் படித்துக் குறிப்பும் எடுத்தாகிவிட்டது. 'விடு' பற்றிய இயலைத் தொடங்குகிறார். முதல் வாக்கியம் எளிதாக வருகிறது: 'விடு' என்னும் துணைவினை செயல் முடிந்ததைக் குறிக்கிறது. எடுத்துக்காட்டுகளும் வாகாக வந்து அமர்கின்றன. பால் பொங்கிவிட்டது. வண்டி போய்விட்டது. மாணவர் தேநீர் குடிக்கப் போகலாம்.

திரும்பி வந்து அடுத்த பத்திக்காகப் பதிவிலிருந்து இன்னொரு வாக்கியத்தை எடுக்கிறார். 'குழந்தை விழுந்துவிடும், பிடித்துக்கொள்.' குழந்தை இன்னும் விழவில்லை. விழாமலே போகலாம்; அதற்காகத்தான் பிடிக்கச் சொல்கிறார்கள். இங்கே முடிந்த செயல் எது? எதிர்காலத்தில் முடியப்போவதைக் குறிக்கிறது என்று சமாளித்து ஒரு வரி எழுதிப் பார்க்கிறார். எழுதியதும் வேறொரு கேள்வி முளைக்கிறது. 'விழும்' என்றாலே விழுதல் முழுமையான செயல்தான். அதில் 'விடு' புதிதாக என்ன சேர்த்தது? 'முடிவு' என்ற சொல்லை அடித்துவிட்டு 'மீளமுடியாமை' என்று எழுதுகிறார். பொங்கிய பால் மீளாது, போன வண்டி மீளாது, விழுந்த குழந்தைக்கு அடிபடும். பரவாயில்லை, நிற்கிறது.

அடுத்து எதிர்மறை. இலக்கண ஆய்வேட்டில் எதிர்மறைக்கு ஒரு பத்தி ஒதுக்குவது மரபு. அந்த மரபை நிறைவேற்றத்தான் அவர் எழுதத் தொடங்குகிறார், வேறு நோக்கம் இல்லை. 'அவன் வந்துவிட்டான்' என்பதன் எதிர்மறையாக 'அவன் வந்துவிடவில்லை' என்று எழுதுகிறார். காதை உறுத்துகிறது. தவறான தமிழ் என்று சொல்ல முடியாது. ஆனால் வெறும் செய்தியாக அப்படி எவரும் சொல்வதில்லை. அதற்கு 'வரவில்லை' போதும். 'இரண்டு படத்தில் நடித்ததும் அவன் பெரிய நடிகனாகிவிடவில்லை' என்று எழுதிப் பார்த்தால் உறுத்தல் இல்லை. ஏன்? யாரோ ஒருவர் அவனைப் பெரிய நடிகன் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார், அல்லது எண்ணக்கூடும். அந்த எண்ணத்தை மறுக்கும் இடத்தில் எதிர்மறை 'விடு' இயல்பாக வந்து அமர்கிறது. அப்படியானால் உடன்பாட்டு வாக்கியத்திலும் அது செயலைப் பற்றி மட்டும் பேசவில்லையோ? கேட்பவர் மனத்தில் இருக்கும் எதிர்பார்ப்பையோ அச்சத்தையோ தொட்டுத்தான் பேசுகிறதோ? முதல் பக்கத்தில் எழுதிய வரையறை இப்போது நிற்காது. இயலின் தலைப்பும் நிற்காது. களத்தில் திரட்டிய பொருளில் பாதியை மீண்டும் கேட்க வேண்டும், வேறு காதோடு.

இந்த மாணவர் இதுவரை 'விடு' பற்றிச் சிந்திக்காதவர் அல்லர். மூன்றாண்டு சிந்தித்திருக்கிறார், அறிஞர்கள் இதைப் பற்றி விவாதித்ததைப் படித்துமிருக்கிறார். ஆனால் தலைக்குள் 'முடிவு' என்பதும் 'மீளமுடியாமை' என்பதும் 'எதிர்பார்ப்பு' என்பதும் ஒரே அறையில் சண்டையின்றிக் குடியிருக்க முடியும். மனம் தாராளமான வீட்டுக்காரர். எந்தக் குடியிருப்பாளரிடமும் மற்றவரைப் பற்றிக் கேட்பதில்லை. தாளில் முதல் வரியும் பதினேழாம் வரியும் ஒருங்கே கண்ணில் படுகின்றன. முரண் தெரிகிறது. அந்த மாணவரின் ஆய்வுக் கேள்வி பிறந்தது அங்கேதான். மூன்றாண்டுக்கு முன் பதிவுக்காக அவர் எழுதிக் கொடுத்த ஆய்வுத் திட்டத்தில் இருந்தது வேறொன்று.

கனடாவைச் சேர்ந்த கார்ல் பெரெய்ட்டரும் மார்லின் ஸ்கார்டமேலியாவும் எழுதுதல் பற்றிய தம் 1987ஆம் ஆண்டு நூலில் இருவகை எழுத்தைப் பிரித்துக் காட்டினர். தெரிந்ததை எடுத்துச் சொல்வது ஒரு வகை. சொல்ல முயலும்போதே தெரிந்தது உருமாறுவது மற்றொரு வகை. பின்னதில், என்ன சொல்வது என்ற சிக்கலும் எப்படிச் சொல்வது என்ற சிக்கலும் ஒன்றையொன்று நெருக்குகின்றன; ஒரு சொல்லைத் தேடப் போனவர் கருத்தை மாற்றிக்கொண்டு திரும்புகிறார். இந்தியப் பள்ளித் தேர்வு முறை முதல் வகையைப் பன்னிரண்டு ஆண்டு பயிற்றுவிக்கிறது. பல்கலைக்கழகம் ஐந்தாண்டு அதைத் தொடர்கிறது. அதன் பின் முனைவர் பட்டத்தில் இரண்டாம் வகையை எதிர்பார்க்கிறது. இடையில் எந்த வகுப்பில் அது கற்பிக்கப்பட்டது என்று கேட்டால் பதில் இருக்காது.

ஆய்வேட்டுக்கு முந்தைய ஆண்டுகளில் எழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பவர்பாயிண்ட். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு மாணவர் தம் முன்னேற்றத்தை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் வைக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். நடைமுறையில் அது பதினைந்து ஸ்லைடுகளாகச் சுருங்கிவிட்டது. ஸ்லைடில் வாக்கியங்கள் இல்லை. சொற்றொடர்களும் அவற்றை இணைக்கும் அம்புக்குறிகளும் இருக்கின்றன. 'நகர்மயமாதல்' என்று எழுதி ஓர் அம்பு போட்டு 'மொழிப் பெயர்வு' என்று எழுதினால் குழு தலையசைக்கும். அந்த அம்பு என்ன சொல்கிறது? முன்னது பின்னதற்குக் காரணம் என்றா, முன்னதன் பிறகு பின்னது நிகழ்ந்தது என்றா, முன்னது நடக்கும் இடங்களில் பின்னதும் காணப்படுகிறது என்றா? மூன்றும் வெவ்வேறு கூற்றுகள். மூன்றுக்கும் வெவ்வேறு சான்று வேண்டும். வாக்கியம் எழுதுபவர் 'ஆகையால்', 'பின்னர்', 'உடன்' என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே தீர வேண்டும். அம்பு போடுபவருக்கு அந்தத் தண்டனை இல்லை. எட்டுப் பருவங்கள் அம்பு போட்டே கடந்த மாணவர் ஒன்பதாம் பருவத்தில் முதல் 'ஆகையால்' எழுதும்போது உறைந்துபோவதில் வியப்பில்லை. அதை எழுத்துத் தடை என்றும் மனநலச் சிக்கல் என்றும் பெயரிட்டு ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள். தடைபட்டிருப்பது எழுத்து மட்டுமன்று. அதுவரை நடக்காமலே இருந்த சிந்தனை இப்போதுதான் தடைபட்டது தெரிகிறது.

சமூகவியலாளர் எம். என். சீனிவாசின் வாழ்க்கையில் இதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. இரண்டையும் சமூகவியல் மாணவர்கள் கதைபோலக் கேட்டிருப்பார்கள். எழுத்தைப் பற்றிய சான்றுகளாக அவை பேசப்படுவது குறைவு.

முதலாவது குடகு. பம்பாயில் ஜி. எஸ். குர்யேயின் வழிகாட்டலில் குடகு மக்களைப் பற்றி அவர் பெரிய ஆய்வேடு ஒன்றை எழுதி முடித்தார். 1945இல் ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். அங்கே ராட்கிளிஃப் பிரவுன் அவரிடம் அதே குடகுப் பொருளைச் சமயத்துக்கும் சமூக அமைப்புக்கும் உள்ள உறவு என்ற கோணத்தில் மீண்டும் எழுதச் சொன்னார். ஆக்ஸ்ஃபோர்டில் குடகு இல்லை, மலை இல்லை, புதிய களப்பணிக்கு வழியில்லை. கையில் இருந்தது பழைய பொருள், செய்ய வேண்டியிருந்தது புதிய எழுத்து. 1947இல் அந்த ஆய்வேட்டுக்குப் பட்டம் கிடைத்தது. 1952இல் அது நூலாக வெளிவந்தது. இந்தியச் சமூகவியல் இன்றளவும் சர்ச்சை செய்துகொண்டிருக்கும் 'சமஸ்கிருதமயமாதல்' என்ற கருத்தை உலகம் அறிந்தது அந்த நூலின் வழியாகத்தான். எழுதுவது வெறும் மிச்சம் என்றால், பம்பாயிலேயே 'முடிந்துவிட்ட' ஆய்வு ஆக்ஸ்ஃபோர்டில் எப்படி வேறொன்றாயிற்று?

கதை அங்கும் நிற்கவில்லை. 1956இல் அதே கருத்தைப் பற்றி அவர் தனிக் கட்டுரை எழுதினார். அங்கே வட்டாரத்தில் செல்வாக்குள்ள சாதிகளின் பங்கு மேலெழுகிறது, பிராமணர் மட்டுமே முன்மாதிரி என்ற எண்ணம் தளர்கிறது. 1959இல் ஆதிக்க சாதி பற்றிய கட்டுரை. ஒவ்வொரு முறை எழுதும்போதும் முந்தைய எழுத்து அவர் முன் ஒரு சாட்சியாக நின்றது. அதை அவரே குறுக்கு விசாரணை செய்ய முடிந்தது. மனத்துக்குள் மட்டும் வைத்திருந்த கருத்தை இப்படி விசாரிக்க முடியாது. மனம் தன் வாக்குமூலத்தைச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது சான்று தீயில் எரிந்தது. மைசூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் 1948இல் தங்கி அவர் களப்பணி செய்தார். நூலில் அதற்கு ராம்புரா என்று பெயர் வைத்தார். பல ஆண்டுகள் உழைத்து அந்தக் குறிப்புகளை வகைப்படுத்தித் தொகுத்திருந்தார். 1970 ஏப்ரல் 24 அன்று அவர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு மையத்தில் இருந்தபோது அங்கே தீ வைக்கப்பட்டது. தொகுத்த குறிப்புகளின் மூன்று படிகளும் எரிந்தன. நினைவிலிருந்தே எழுதலாமே என்று மானிடவியலாளர் சால் டாக்ஸ் ஊக்கப்படுத்தினார். 1976இல் வெளிவந்த 'நினைவில் நிற்கும் கிராமம்' என்ற பொருள்படும் தலைப்புடைய அந்த நூல் அப்படி எழுதப்பட்டது. இந்தியக் கிராமம் பற்றிய நூல்களில் இத்தனை பேர் விரும்பிப் படித்தவை மிகச் சில.

இதிலிருந்து குறிப்புகள் தேவையில்லை என்று முடிவு கட்டுபவர் கதையைத் தலைகீழாகப் படிக்கிறார். இருபதாண்டுக் காலம் அந்தப் பொருளை எழுதியும் வகுத்தும் மீண்டும் எழுதியும் பழகிய ஒருவருக்குத்தான் அப்படி நினைவிலிருந்து எழுத முடிந்தது. எரிந்தது தரவு. எழுதி எழுதித் தமதாக்கிக்கொண்டது எரியவில்லை. அந்த நூலுக்கு எதிரான விமர்சனமும் நியாயமானதே: அது மேல்சாதியினரின் தெருவிலிருந்து பார்த்த கிராமம். அதையும் அந்த நூலைக் கொண்டே நிறுவ முடிகிறது. தாம் பிராமணர் என்பதால் கிராமம் தம்மை எங்கே நிறுத்தியது, எந்தக் கட்டுப்பாடுகளைத் தம்மீது சுமத்தியது என்பதையெல்லாம் அவர் எழுதி வைத்திருக்கிறார். தரவு அட்டைகளின் வகைப்பாட்டில் 'ஆய்வாளரின் குருட்டுத்தன்மை' என்று ஒரு தலைப்பு இருந்திருக்காது. கோவையாகக் கதை சொல்லத் தொடங்கியபோது அது தானே வெளிப்பட்டுவிட்டது.

பாண்டுரங்க வாமன் காணேயை நினைத்தால் சிரிப்பும் வரும். பம்பாய் உயர்நீதிமன்ற வழக்கறிஞரான அவர் 'வியவஹார மயூகம்' என்ற சட்ட நூலைப் பதிப்பித்தார். அது 1926இல் வெளிவந்தது. அதற்கு ஒரு முன்னுரையாகத் தர்ம சாத்திரங்களின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதலாம் என்று எண்ணினார். முன்னுரை முன்னுரையாக நிற்க மறுத்தது. 1930இல் முதல் தொகுதி, 1962இல் கடைசிப் பகுதி, மொத்தம் ஐந்து தொகுதிகள், ஆறாயிரம் பக்கங்களுக்கு மேல். இன்றைய ஆய்வு ஆலோசனைக் குழு ஒன்று அவரைக் கூப்பிட்டு, ஒப்புதல் பெற்ற தலைப்பிலிருந்து ஏன் விலகினீர் என்று கேட்டிருக்கும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்தியாவில் வாழும் எவரும் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பாணினியின் இலக்கணம் வாய்மொழியாக ஓதிக் கற்கப்பட்டது. அதன் ஆக்கத்தில் எழுத்துக்குப் பங்கு இருந்ததா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. வேதங்கள் பல நூற்றாண்டுகள் நாவிலும் செவியிலும் மட்டுமே வாழ்ந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் புனைந்த தாலாட்டிலும் ஒப்பாரியிலும் இல்லாத சிந்தனையா? எழுத்துதான் ஆய்வறிவைப் பிறப்பித்தது என்று ஜாக் கூடி எழுதியபோது அதிலிருந்த மிகையை பிரையன் ஸ்ட்ரீட் 1984இல் கண்டித்தார். அந்தக் கண்டனம் சரியானதே. எழுத்தறிவில்லாத சமூகங்களைச் சிந்திக்கத் தெரியாதவையாகச் சித்திரிக்கும் வாதம் எதுவும் மொழியியல் அறிந்தவர்களால் ஏற்கத்தக்கதன்று.

ஆனால் சூத்திரம் என்பது என்ன? பேச்சு அன்று. ஓர் அசை கூடாமல் குறையாமல் இறுக்கிக் கட்டப்பட்டு, ஓதி ஓதி நிலைநிறுத்தப்பட்டு, மாணவர் முன் வைக்கப்பட்டு, மறுப்பும் விடையுமாக விவாதிக்கப்படும் வடிவம். அங்கே தாளின் வேலையை நினைவுப் பயிற்சியும் ஓதும் கூட்டமும் செய்தன. கருத்தைத் தலைக்கு வெளியே, மாறாத வடிவில், திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கத்தக்க இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் இங்கே பேசப்படும் செயல். அதைக் குரலாலும் செய்யலாம், உழைப்பு பன்மடங்கு வேண்டும். இன்றைய ஆய்வு மாணவருக்கு அந்த நினைவுப் பயிற்சியும் கொடுக்கப்படவில்லை, ஓதும் கூட்டமும் இல்லை. தாளையும் பிடுங்கிக்கொண்டால் அவரிடம் எஞ்சுவது ஸ்லைடு மட்டுமே.

சீனிவாச ராமானுஜனை எதிர்ச்சான்றாகக் காட்டுபவர்களும் உண்டு: அவருக்கு எல்லாம் மனத்தில் தோன்றியது, முடிவை மட்டும் எழுதினார் என்று. அவர் தாள் வாங்க முடியாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதித்தவர். எழுதியதில் பெரும்பகுதி அழிந்தது. எழுதாமல் இருந்தார் என்பது கட்டுக்கதை. அந்தக் குறிப்பேடுகளின் முடிவுகளுக்கு நிறுவல் தந்து புரூஸ் பெர்ன்ட் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை நீண்டன. சிலேட்டில் அழிந்த வழியை மீட்க இத்தனை உழைப்பு.

இனி நிறுவனங்களிடம் வரலாம். கோபம் அங்கேதான் போக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் கருத்துத் திருட்டை ஒப்புமை விழுக்காட்டால் அளக்கின்றன. பத்து விழுக்காடு வரை தண்டனையில்லை. பத்து முதல் நாற்பது, நாற்பது முதல் அறுபது, அறுபதுக்கு மேல் என்று படிகள். திருட்டைத் தடுப்பது தேவைதான். ஆனால் அந்த எண் ஆய்வு மாணவரின் மனத்தில் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். எழுதுவதன் நோக்கமே எண்ணைக் குறைப்பது என்றாகிவிட்டது. வாக்கியம் உண்மையா என்று கேட்பதற்கு முன் வாக்கியம் மென்பொருளில் மாட்டுமா என்று கேட்கப் பழகுகிறார்கள். சொற்களை மாற்றித் தரும் கருவிகள் வந்தன. பல்கலைக்கழக வாயிலில் தட்டச்சுக் கடைகள் 'விழுக்காடு குறைத்துத் தரப்படும்' என்றன. இந்தத் தந்திரம் உலகெங்கும் பரவியது என்பதற்கு கியோம் கபானாக்கும் சக ஆய்வாளர்களும் 2021இல் காட்டிய சான்றுகள் நகைப்பூட்டுபவை: ஆங்கில ஆய்விதழ்களில் செயற்கை நுண்ணறிவு 'போலிப் பிரக்ஞை' ஆகியிருந்தது, மார்பகப் புற்றுநோய் 'மார்பு ஆபத்து' ஆகியிருந்தது. தாம் எழுதுவதைத் தாமே படிக்காதவர்களின் மொழி அது.

அதன் பின் வந்தது எழுதித் தரும் இயந்திரம். அதைப் பற்றி ஒழுக்க உபதேசம் நிறையக் கிடைக்கிறது, இங்கே வேண்டாம். 'விடு' மாணவரிடம் திரும்பினால் போதும். அவர் எழுதத் தொடங்காமல் இயந்திரத்திடம் ஒரு பத்தி கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 'விடு' செயல்முடிவு, மீளமுடியாமை, பேசுபவரின் மனநிலை ஆகியவற்றைக் குறிக்கிறது என்ற வழுவழுப்பான வாக்கியம். தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த 'ஆகியவற்றை' என்ற ஒரு சொல்லின் அடியில் மூன்று எதிரிகள் கைகுலுக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அம்புக்குறி செய்த அதே வேலையை அது இலக்கண சுத்தமாகச் செய்கிறது. மாணவருக்குத் தேவைப்பட்டது விழக்கூடிய வாக்கியம். தாமே நிறுத்தி, தம் காதில் உறுத்தி, தம் கையால் அடித்த 'வந்துவிடவில்லை'. விழாத வாக்கியத்தை வெளியிலிருந்து வாங்கி வைத்தவருக்குக் கேள்வி பிறக்காது, பட்டம் கிடைக்கும்.

மொழியும் இதில் ஒரு தரப்பு. சந்தாலியிலோ மராத்தியிலோ தமிழிலோ வாழ்நாள் முழுதும் வாதாடிப் பழகியவர் முதல் வரைவையே ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆயினும் ஏறத்தாழ எல்லோரும் அப்படியே செய்கிறார்கள். வரைவின் உழைப்பெல்லாம் சுட்டிடைச் சொல்லிலும் முன்னிடைச் சொல்லிலும் கரைகிறது. நெறியாளரின் சிவப்பு மையும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. வாதம் தொடப்படாமல் கிடக்கிறது. ஆங்கிலவழிப் படிப்பாயினும் உள்ளூர் மொழியில் தேர்வெழுத மாணவரை அனுமதிக்குமாறு மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. தேர்வுத்தாளில் கிடைக்கும் அந்த உரிமை ஆய்வு வரைவுக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை? அயல்மொழியில் எழுதுவதால் பழகிய கருத்து அந்நியப்பட்டுத் தெளிவடைவதும் உண்டு, மறுப்பதற்கில்லை. அதற்குக்கூட முதலில் சொந்த மொழியில் ஒரு வரைவு இருந்தாக வேண்டும்.

நெறியாளர்களுக்கு நேரமில்லை என்பது வழக்கமான பதில். 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பேராசிரியர் ஒருவர் அதிகபட்சம் எட்டு ஆய்வு மாணவர்களை ஏற்கலாம்; இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. எட்டுப் பேரும் மாதம் பத்துப் பக்கம் கொடுத்தாலும் எண்பது பக்கம்தான். ஒரு தேர்வுக் காலத்தில் இரண்டு நாளில் திருத்தித் தள்ளும் விடைத்தாள்களைவிட அது குறைவு. அதே விதிகள் ஆய்விதழ்க் கட்டுரை வெளியிட்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்ற கட்டாயத்தை நீக்கின; காசு வாங்கும் போலி இதழ்களின் தொல்லை ஓரளவு குறையும் என்று பலர் வரவேற்றனர். வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தக் கட்டாயம் போன இடத்தில் வேறு எந்த எழுத்தும் வந்து உட்காரவில்லை. இப்போது ஒரு மாணவர் தொடர்ச்சியான உரைநடையில் ஒரு பக்கம்கூட எவரிடமும் காட்டாமல் ஐந்தாண்டைக் கடக்க முடியும். பாடவேலையில் ஆய்வு முறையியல் உண்டு, ஆய்வு வெளியீட்டு அறம் உண்டு. ஒரு வரியை எழுதி, அது ஏன் விழுகிறது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் வகுப்பு இல்லை.

கேட்கப்படுவது பெரிதில்லை. அடுத்த பருவ ஆய்வு ஆலோசனைக் குழுவுக்கு ஸ்லைடு வேண்டாம். மாணவர் பத்துப் பக்கம் கொண்டுவரட்டும், எந்த மொழியிலும். குழு அதைக் கூட்டத்துக்கு முதல்நாளே படித்திருக்கட்டும். அந்தப் பத்துப் பக்கத்தின் பழைய வரைவையும், அடித்தல் திருத்தலோடு, மாணவர் மேசைமேல் வைக்கட்டும். எந்த வாக்கியத்தை ஏன் அடித்தீர்கள் என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.